காரைக்காலில் உப்புத் தேடினேன்

வேதாரண்யத்திலிருந்து காரைக்காலுக்குப் போனதை வெளிநாட்டுப் பயணம் என்று நான் சொன்னால் இன்றைக்குச் சிரிப்பார்கள். அன்றைக்கு என் மனைவி சிரிக்கவில்லை. பக்கத்து வீட்டில் போய் "அவர் பிரான்சுக்குப் போறார்" என்று சொல்லிவிட்டு வந்து, பையில் இரண்டு வேட்டி கூடுதலாக எடுத்து வைத்தாள். பிரெஞ்சுக்காரர் கொடி ஐப்பசியில் இறங்கியது. நான் கிளம்பியது அடுத்த சித்திரையில். நாடு மாறிவிட்டதாகப் பேப்பரில் போட்டிருந்தார்கள். ஆனாலும் எங்கள் பேச்சில் காரைக்கால் இன்னும் பிரான்சாகத்தான் இருந்தது.

நான் உப்பளத்தில் கணக்கப்பிள்ளை. பெயரில்தான் கணக்கு, வேலையெல்லாம் வரப்பின் மேல். எந்த மண்ணில் நீர் நிற்கும், எந்த நீர் உப்பாக இறங்கும் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். காரைக்காலில் காசிம் மரைக்காயர் என்று ஒருவர், சைகோனில் ஜவுளிக்கடை வைத்திருந்து ஊர் திரும்பியவர், கடலோரத்தில் சும்மா கிடக்கும் தன் நிலத்தில் உப்பு விளையுமா என்று பார்க்க ஓர் ஆளை அனுப்பும்படி என் முதலாளியைக் கேட்டிருந்தார்.

"போய்ப் பாத்துட்டு வாரும். அந்த வீட்டுல சாப்பாடு பிரமாதமா இருக்கும்" என்றார் முதலாளி. அவர் வாக்கு முதல் நாள் பலித்தது, மறுநாள் பொய்த்தது.

நாகூரைத் தாண்டினால் வாஞ்சூர். அங்கேதான் பழைய சுங்கச் சாவடி. அதுவரை சந்தைக்கடை போல இரைந்துகொண்டு வந்த பஸ், சாவடி கண்ணில் பட்டதும் கப்சிப் என்று அடங்கியது. எனக்கு முன்னால் இருந்த அம்மாள் தன் பையை எடுத்து அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டாள். ஒரு பெரியவர் கைக்கடியாரத்தைக் கழற்றி மடியில் சொருகினார். என்னிடம் ஒளிக்க ஒன்றுமே இல்லை. இருந்தும் நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டேன். டிரைவர் பிரேக் போட்டு நிறுத்தினார். சாவடிக்குள்ளிருந்து ஓர் ஆடு வெளியே வந்து எங்களைப் பார்த்தது. வேறு யாரும் வரவில்லை.

"ஆருமில்லீங்க. எல்லாரும் போயாச்சு. கால்தான் பளக்கத்துல தன்னால பிரேக்குக்குப் போயிடுது" என்று டிரைவர் வெட்கத்தோடு சிரித்தார். பஸ் முழுக்கச் சிரித்தது. பெரியவர் கடியாரத்தை மறுபடியும் கட்டிக்கொண்டார். ஆனால் நின்ற பஸ் மட்டும் கிளம்ப மாட்டேன் என்றது. ஆண்கள் எல்லோரும் இறங்கித் தள்ளினோம். ஆக, நான் பிரான்சுக்குள் நுழைந்தது பஸ்ஸின் முதுகில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டுதான்.

பஸ் நின்ற இடத்தில் மரைக்காயரே குடையோடு காத்திருந்தார். நெடிய மனிதர். கட்டம் போட்ட கைலி, சைகோன் பட்டுச் சட்டை.

"வாங்க வாங்க கணக்கப்புள்ள. பயணமெல்லாம் சௌரியந்தானே?"

"பாதி தூரம் பஸ் எங்களைக் கொண்டாந்துச்சு, மீதியை நாங்க பஸ்ஸைக் கொண்டாந்தோம்" என்றேன்.

ஊர் எனக்கு முதல் பார்வையிலேயே பிடித்துப்போயிற்று. எங்கள் பக்கத்துத் தெருக்கள் மாடு போன போக்கில் வளையும். இங்கே கயிறு பிடித்துப் போட்டதுபோல நேராகப் போயின. மூலையில் ஒரு கடையில் நீளநீளமான ரொட்டியை விறகு போல அடுக்கி வைத்திருந்தார்கள். ஒருவர் அதைக் காப்பியில் முக்கித் தின்றுகொண்டு, பக்கத்தில் இருந்தவரோடு பிரெஞ்சில் சண்டை போட்டார். கோபம் உச்சிக்குப் போனதும் தமிழுக்கு வந்துவிட்டார். அதற்கப்புறம் எனக்கும் விளங்கியது: சண்டை ஒரு தென்னைமரத்தைப் பற்றி.

அன்றைய சாப்பாட்டை நான் மறக்கமாட்டேன். இடியப்பம், தேங்காய்ப்பாலில் வெந்த இறால், கடைசியில் வட்டலாப்பம். முட்டையும் கருப்பட்டியும் சேர்ந்து இப்படி ஒன்றாகும் என்று எங்கள் வீட்டில் சொன்னால் நம்பமாட்டார்கள். தொழில் புத்தியில் நான் உப்பைக் கவனித்தேன். ஒரு கல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சமைத்தவர் மரைக்காயரின் மனைவி ஜுலைகா பீவி. அந்த வீட்டு வழக்கப்படி அவர் எனக்கு முன்னால் வரவில்லை. உள் வாசலில் தொங்கிய பச்சைத் திரைக்குப் பின்னால் நின்றார். வளையல் சத்தமும் குரலும் மட்டும் வந்தன.

"நெலத்தப் பாத்தா எப்பத் தெரியுங்க அண்ணே?"

"நாளைக்கே சொல்லிடலாம்மா" என்றேன், பெரிய மேதாவி மாதிரி.

கூடத்தில் சுவரோரமாக ஒரு தகரப் பெட்டி இருந்தது. கறுப்புச் சாயம், பித்தளைப் பூட்டு, மேலே வெள்ளை எழுத்தில் மரைக்காயர் பெயரும் சைகோன் என்று பிரெஞ்சிலும் எழுதியிருந்தது. மூடி முழுக்கச் சாத்தவில்லை. சட்டைகள் மடித்து வைத்திருந்தது தெரிந்தது.

"சண்டையில கட போச்சு. ஆனா சேக்காளி ஒருத்தர் திரும்பி வரச் சொல்றாரு, புதுசா ஆரம்பிக்கலாமுன்னு. உப்பு வெளைஞ்சா ஊர்ல இருந்துடலாம். இல்லாட்டி வைகாசிக் கப்பல்ல போயிட வேண்டியதுதான்" என்றார் மரைக்காயர்.

திரைக்குப் பின்னாலிருந்து ஜுலைகா பீவி சொன்னார்: "எங்க கல்யாணத்துக்கப்புறம் அவுங்க இந்த ஊட்டுல நோம்பு புடிச்சத வெரல் வுட்டு எண்ணிடலாம்ங்க. இந்தப் பெட்டிதான் அவுங்களோட கூடவே குடித்தனம் பண்ணுச்சு." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மரைக்காயர் மட்டும் தலையைக் குனிந்து வட்டலாப்பத்தைப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் புரிந்தது, நான் பார்க்க வந்திருப்பது நிலத்தை மட்டும் அல்ல என்று.

மறுநாள் மாட்டுவண்டியில் கடற்கரைக்குப் போனோம். அந்த இடத்துக்கு உப்பு மேடு என்று பெயர். "பேரே சொல்லுதே பாருங்க" என்று மரைக்காயர் குழந்தையைப் போல உற்சாகமாக இருந்தார். பாதி வழியில் சக்கரம் மணலில் இறங்கிவிட்டது. மாடு நகர மறுத்தது. இந்தப் பயணம் முழுக்க எந்த வண்டியும் என்னை ஏற்றிக்கொண்டு போகத் தயாராக இல்லை போலும். வண்டியை விட்டு இறங்கியதுமே எனக்கு மனசில் ஒரு சந்தேகம். சக்கரம் இறங்குகிற மணலில் தண்ணீர் மட்டும் எப்படி நிற்கும்? முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி வெட்டச் சொன்னேன். ஒரு குடம் கடல்நீரை ஊற்றினோம். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குழி அதைக் குடித்துவிட்டது. இன்னொரு குடம். அதையும் குடித்தது.

"உப்பளத்துக்குக் களிமண் வேணும் மரைக்காயர். நீர் அசையாம நின்னாத்தான் வெயில் அதுகிட்ட வேலை பார்க்கும். இது நிக்காது" என்றேன்.

அவர் வாதாடவில்லை. "அல்லாட நாட்டம்" என்று சொல்லிக் குடையை விரித்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

மதியம் இலை போட்டார்கள். கொடுவாய் மீன் குழம்பு, கத்தரிக்காய், பருப்பு. முதல் வாயிலேயே நின்றுவிட்டேன். குழம்பில் உப்பு இல்லை. கத்தரிக்காயைத் தொட்டுப் பார்த்தேன். இல்லை. பருப்பிலும் இல்லை. மரைக்காயரோ ஒன்றுமே நடக்காததுபோல உருண்டை உருண்டையாக விழுங்கிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரி கோபத்தில் இருக்கும்போது வாயைத் திறக்கக் கூடாது என்பது எல்லா மதத்துக்கும் பொது. உப்பையே தின்று வளர்ந்த எனக்குத்தான் தாங்கவில்லை.

"அம்மா, கொஞ்சம் உப்பு கிடைக்குமா?" என்று திரையைப் பார்த்துக் கேட்டேன்.

"இந்த ஊர்ல உப்பு வெளையாதுன்னு நீங்கதானே சொன்னீங்களாம்" என்று பதில் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து வளையல் சத்தத்தோடு ஒரு கிண்ணம் திரைக்கு அடியில் நகர்ந்து வந்தது. "அண்ணே, ஒரு எடத்தப் பாத்துட்டு முடிவு பண்ணாதீங்க. நாளைக்கும் பாருங்க."

எனக்குச் சிரிப்பும் வந்தது, சங்கடமாகவும் இருந்தது. மறுநாள் பஸ்ஸுக்குக் கிளம்ப நினைத்திருந்தவன், பையைப் பிரித்து அந்தக் கூடுதல் வேட்டியை எடுத்தேன்.

சாயங்காலம் மரைக்காயர் என்னைத் தலத்தெருவுக்கு அழைத்துப்போனார். அங்கே முசே லூர்து என்று அவருடைய நண்பர். முசே என்றால் பிரெஞ்சில் ஐயா. பிரெஞ்சு ஆபீசில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆபீசே போய்விட்ட பிறகும் தினமும் கோட்டுப் போட்டுக்கொண்டு வாசலில் உட்காருகிறவர். எங்களைப் பார்த்ததும் அவருக்கு ஒரே குஷி. காரைக்கால் சரித்திரம் கேட்க வந்த ஆள் நானாகத்தான் இருப்பேன் என்று அவரே தீர்மானித்துக்கொண்டார்.

"உப்பா? உப்புல இருக்கு முசே முழு விஷயமும்" என்று ஆரம்பித்தார். அவர் சொன்னதை நான் சுருக்கிச் சொல்கிறேன். வெள்ளைக்காரர் இருவரும் அடித்துக்கொண்டு ஓய்ந்து, இங்கிலீஷ்காரன் காரைக்காலைப் பிரெஞ்சுக்காரனிடம் திருப்பிக் கொடுத்தபோது ஒரு நிபந்தனை போட்டானாம். இந்தக் கரையில் இனி உப்பு விளைவிக்கக் கூடாது. விளைந்தால் தன் பக்கத்து உப்புக்கு வரி வசூலாகாது என்ற பயம். அதற்கு ஈடாக வருஷா வருஷம் பிரெஞ்சு சர்க்காருக்கு ஒரு தொகை. சாப்பாட்டுக்கு வேண்டிய உப்பை இங்கிலீஷ்காரனே தருவான், பிரெஞ்சுக்காரன் அதை வாங்கி மேலே விலை வைத்து ஜனங்களுக்கு விற்பான்.

"அவனுக்கும் லாபம், இவனுக்கும் லாபம். கடலு மட்டும் வாசல்ல நின்னு பாத்துக்கிட்டு இருந்துச்சு" என்றார் லூர்து.

எங்கள் ஊரிலும் உப்பு லேசுப்பட்ட விஷயம் இல்லை. ஒரு பிடி அள்ளியதற்காக முதுகில் அடி வாங்கியவர்கள் இன்னும் எங்கள் தெருவில் இருக்கிறார்கள். ஆனாலும் நாங்கள் விளைவித்தோம். விளைந்ததைத்தான் அவன் பூட்டி வைத்தான். இங்கே விளைவிக்கவே விடவில்லை. தொழிலே மறந்துபோகும்படி செய்துவிட்டார்கள். 

"அப்ப உப்பு மேடுங்கறது?" என்று கேட்டேன்.

"அது இங்கிலீசு உப்பு வந்து எறங்கின எடம். குவிச்சு வச்சு விப்பாங்க. அதனால மேடு."

நானும் மரைக்காயரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். காலை முழுக்க நாங்கள் ஒரு கிடங்கின் தரையைத் தோண்டி உப்பளம் தேடியிருக்கிறோம். மரைக்காயர்தான் முதலில் சிரித்தார். அன்றைக்கு அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

"பழைய அளம் எங்கே இருந்துச்சு முசே?"

"காயிதத்துல இருக்கும். காயிதம் பாரீசுல இருக்கும்" என்று லூர்து கையை விரித்தார்.

மறுநாள் காலை பின்வாசலில் நடந்த ஒரு சண்டைதான் என்னை எழுப்பியது. கருக்களாச்சேரியிலிருந்து மீனும் கருவாடும் கொண்டுவரும் அஞ்சலைக்கும் ஜுலைகா பீவிக்கும் தினம் நடப்பதாம் அது.

"கருவாட்டுல உப்பே ஏறலியே அஞ்சல. ரெண்டு நாள் தாங்குமா இது?"

"நான் என்னாங்கம்மா பண்றது? இங்கிலீசு உப்பு என்ன சும்மாவா வருது? நாலு கூட மீனுக்குப் போட வேண்டியத எட்டு கூடைக்குப் போட வேண்டியிருக்கு. மளை பேஞ்சுதுன்னா அத்தனையும் குப்பைக்குத்தான்."

நான் முகம் கழுவப் போனவன் நின்றுவிட்டேன். "எந்த உப்பும்மா?"

"இங்கிலீசு உப்புங்கய்யா. வேதாரணியத்துலேர்ந்து வருமே, அது."

எனக்குச் சுருக்கென்றது. வேதாரண்யத்து வெயிலில் எங்கள் ஆட்கள் கால் வெடிக்க நின்று வாரிய உப்பு, நாற்பது மைல் கரையோரமாக வந்ததும் இங்கிலீஷ்காரன் பெயரைப் போட்டுக்கொண்டுவிட்டது. இங்கிலீஷ்காரன் கப்பலேறிப் போன பிறகும் பெயர் மட்டும் போகவில்லை. "அது இங்கிலீசு உப்பு இல்லம்மா. நான் வாரச் சொல்லி வாரின உப்பு" என்றேன்.

அஞ்சலை என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அப்ப வெலய ஏத்துறது நீங்கதானா?" என்றாள். உள்ளே ஜுலைகா பீவி சிரித்தது கேட்டது.

"காசு குடுத்து வாங்குறோமேன்னுதான் இருக்கு" என்று அஞ்சலை கூடையைத் தூக்கிக்கொண்டே சொன்னாள். "எங்க பக்கம் அளக்கரயில கோடையானா வெள்ளையா தன்னால பூத்துக் கெடக்குது. புள்ளைவொ நக்கிக்கிட்டுத் திரியுது."

 கூடத்திலிருந்து மரைக்காயர் எழுந்து வந்தார். "அஞ்சல, காலங்காத்தால அந்தப் பேர ஏன் சொல்ற?"

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு போய்விட்டாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மரைக்காயர் தயங்கித் தயங்கி விளக்கினார். உப்பு மேட்டுக்கும் தெற்கே, பனைகளுக்குப் பின்னால் ஒரு பொட்டல் உண்டு. அதுவும் அவருடைய நிலம்தான். அந்தக் காலத்தில் பிரெஞ்சுக்காரரின் புர்போன் தீவுக்குக் கரும்பு வெட்ட ஆட்களைக் கப்பலில் ஏற்றியபோது, வழியனுப்ப வந்த ஜனங்கள் அங்கே நின்றுதான் அழுவார்களாம். அதனால் அழக்கரை. கப்பலேறும் குடும்பங்களில் யாரும் அந்தப் பக்கம் போகமாட்டார்கள். பயணம் வைத்திருக்கிற வீட்டில் பேரையும் சொல்லமாட்டார்கள். மரைக்காயரின் வீட்டில் எப்போதும் யாராவது ஒருவர் பயணம் வைத்திருந்தார்கள். அதனால் அவர் தன் சொந்த நிலத்தை ஆயுசில் மிதித்ததில்லை.

எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. எங்கள் பக்கத்துப் பேச்சில் ழகரம் கிடையாது. மழை மளையாகும், பழம் பளமாகும். ஆகவே அஞ்சலை 'அள' என்று சொன்னால் அது 'அழ'வாகவும் இருக்கலாம், 'அள'வாகவும் இருக்கலாம். ஊர் அதை அழுகை என்று கேட்டது. உப்பளத்துக்காரன் காதில் வேறு மாதிரி விழுந்தது.

"மரைக்காயர், குளத்தோட கரைக்கு என்ன சொல்லுவோம்?"

"குளக்கர."

"அளத்தோட கரைக்கு?"

அவர் வாயைத் திறந்தார். சொல்லவில்லை. பேரைச் சொல்லக் கூடாதே. ஆனால் கண்ணில் வெளிச்சம் வந்துவிட்டது. அடுத்த நிமிஷமே அதை அவரே அணைத்துக்கொண்டார். "இருக்கட்டும் கணக்கப்புள்ள. வைகாசியில பயணம் வச்சுக்கிட்டு அங்க எப்படிப் போறது?"

திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "அது பயணம் போறவங்களுக்குத்தானே ஆவாது. போவாதவங்களுக்கு என்ன?"

 மரைக்காயர் குடையை எடுத்தார்.

தலத்தெரு வழியாகப் போய் லூர்துவையும் அழைத்துக்கொண்டோம். கோட்டோடு வந்தார். வழியெல்லாம் கப்பலேறிய ஜனங்கள் எப்படி அழுதார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தவர், நான் அளக்கரையைப் பற்றிச் சொன்னதும் நடுரோட்டில் நின்றார்.

"அழுகிற கரைன்னா அழுகரைன்னுல்ல வந்திருக்கணும் முசே?" என்றேன்.

"ஐயோ, நான் இத்தன வருஷமா இந்தக் கதையச் சொல்லி எத்தன பேர அழ வச்சிருக்கேன்" என்றார். வருத்தத்தோடு இல்லை, பரம சந்தோஷத்தோடு.

பனைகளைத் தாண்டியதும் என் செருப்பு ஒட்டிக்கொண்டது. களி. காலை எடுத்தால் மண்ணும் கூடவே வந்தது. எங்கு பார்த்தாலும் உமரிச் செடி, உப்பு மண்ணில் மட்டும் வளர்வது, சிவப்பும் பச்சையுமாகப் படர்ந்திருந்தது. நான் குனிந்து, கன்னத்தைத் தரைக்குப் பக்கத்தில் வைத்து ஓரக்கண்ணால் பார்த்தேன். நின்று பார்த்தபோது பொட்டலாகத் தெரிந்த இடத்தில் இப்போது மேடும் பள்ளமும் தெரிந்தன. மேடுகள் கோடு பிடித்தாற்போல நேராகப் போய் ஒன்றையொன்று வெட்டின. கட்டம் கட்டமாக, வரிசை வரிசையாக. பாத்திகள். யாரோ கட்டிய வரப்புகள், புல்லுக்கு அடியில் அப்படியே கிடந்தன.

ஒரு வரப்பைக் கையால் தடவிப் பார்த்தேன். அதைக் கட்டியவர்கள் பெயர் யாருக்கும் தெரியாது. வேலை போன பிறகு அவர்களிலும் சிலர் அந்தக் கப்பல்களில் ஏறியிருக்கலாம். அப்படியானால் அந்தக் கரையில் அழுதார்கள் என்பதும் பொய்யாக இருக்காது. மரைக்காயரும் லூர்துவும் என்னைப் போலவே கைலியும் கோட்டும் சேறாகத் தரையோடு தரையாகக் குனிந்து பார்த்தார்கள். தூரத்தில் போன அஞ்சலையும் அவள் கூட்டாளிகளும் எங்களுக்கு வெயில் தாக்கிவிட்டது என்று நினைத்து ஓடி வந்தார்கள்.

குழி வெட்டினோம். ஊற்றிய நீர் நின்றது. இன்னும் கொஞ்சம் ஆழம் போனதும் அடியிலிருந்தே ஊறியது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். கடல்நீரைவிடக் கடுமையான கரிப்பு.

"விளையுமா?" என்று மரைக்காயர் கேட்டார். முந்தாநாள் பெரிய மேதாவியாகப் பேசியவன் இப்போது ஜாக்கிரதையாக இருந்தேன். "முதல்ல வெயிலைக் கேப்போம்" என்றேன்.

இரண்டு குடம் ஊற்றுநீரோடு வீட்டுக்கு வந்து, அகலமான பாத்திரம் ஒன்று வேண்டுமென்றேன். திரை விலகாமலே ஒரு பெரிய சஹன் வந்தது. நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடும் பீங்கான் தட்டு. கல்யாணச் சீர். அதில் விரல் கனத்துக்கு நீர் விட்டு மொட்டைமாடியில் வைத்தோம். குறையக் குறைய விட வேண்டும், அசைக்கக் கூடாது. அந்தப் பொறுப்பை ஜுலைகா பீவி ஏற்றுக்கொண்டார்.

பிறகு காத்திருந்தோம். காத்திருப்பதற்கு இதைவிட நல்ல ஊரை நான் பார்த்ததில்லை. காலையில் லூர்து வீட்டில் காப்பியும் ரொட்டியும். மதியம் மரைக்காயர் வீட்டில் விருந்து. உப்பு மறுபடியும் சரியாக விழ ஆரம்பித்திருந்தது. மரைக்காயர் மாடிப்பக்கம் தலை வைத்துப் படுக்கமாட்டேன் என்று இருந்தார். ஆனால் குடையைத் தேட, கைலி காயப் போட, பிறை பார்க்க என்று ஏதாவது காரணம் சொல்லி ஏறி இறங்கிக்கொண்டேயிருந்தார். பிறை தெரிகிற நாளே இல்லை அது.

ஒரு பிற்பகல் மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. நானும் மரைக்காயரும் கடைத்தெருவில் இருந்தோம். கோடைமழை சடசடவென்று இறங்கியது. அத்தனை நாள் வெயிலும் போயிற்று என்று நினைத்து, நனைந்துகொண்டே வீட்டுக்கு ஓடினோம். தெருவிலிருந்து அண்ணாந்து பார்த்தால் மாடியின் கைப்பிடிச் சுவருக்கு மேலே மரைக்காயரின் கறுப்புக் குடை மட்டும் விரிந்து தெரிந்தது. அது அசையவில்லை. மழை நிற்கும்வரை அசையவில்லை.

"அவதான்" என்றார் மரைக்காயர். "கொட சஹனுக்குத்தான் புடிச்சிருப்பா. அவ நனைஞ்சிருப்பா." அவர் தெருவிலேயே நின்று நனைந்தார். உள்ளே போக மனசு வரவில்லை போலிருக்கிறது.

அடுத்த நாள் வெயில் வட்டியும் முதலுமாக அடித்தது. நாங்கள் சாப்பிட்டு எழுந்த நேரம், மாடியிலிருந்து குரல். "அண்ணே, தண்ணி மேல ஏதோ ஏடு மாதிரி மெதக்குது. தூசி வுளுந்துட்டுதா?"

"தூசி இல்லம்மா" என்றேன்.  "அதுதான்."

உப்பு முதலில் நீரின் மேல் பூவாகத்தான் வரும். கனம் கூடியதும் தானே அடியில் இறங்கும். கடலுக்கு எதிரிலேயே பிறந்து வளர்ந்த ஒரு பெண், உப்பு உண்டாவதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார். விரலில் தொட்டு நாக்கில் வைத்திருப்பார். பிறகு, "கரிக்குதுங்க" என்று சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. மரைக்காயர் படிகளில் இரண்டிரண்டாகத் தாவி ஏறினார்.

சாயங்காலத்துக்குள் தெருவெல்லாம் தெரிந்துவிட்டது. ஆளுக்கொரு சிட்டிகை. லூர்து தன் பங்கை நாக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு ருசி பார்த்தார். "இத என்ன உப்புன்னு சொல்றது முசே? இனிமே இங்கிலீசு உப்புன்னு சொல்ல முடியாது. பிரெஞ்சு உப்புன்னா அவன் வெளையவே வுடல."

அஞ்சலை கூடையோடு நின்றிருந்தாள். "எவன் பேரும் வாணாங்க. உப்புன்னு சொன்னாப் போதும்" என்றாள்.

அதன்பின் வேலை மளமளவென்று நடந்தது. அஞ்சலையின் புருஷனும் கருக்களாச்சேரி ஆட்களும் வந்து ஒரு பழைய பாத்தியின் வரப்பை உயர்த்தினார்கள். களியை மிதித்துத் தரையாக்கினோம். ஊற்றுநீரைப் பாய்ச்சினோம். உப்பு இறங்கியதும், பலகையால் எப்படி வாருவது என்று நான் காட்டினேன். துடுப்புப் பிடித்த கைகள். முதலில் கடலைத் தள்ளுவதுபோல உப்பைத் தள்ளிச் சேற்றைக் கலக்கினார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள். முதல் வாரலில் இரண்டு கூடை. வெள்ளை கொஞ்சம் மங்கல்தான். எங்கள் ஊரில் அதைப் பார்த்தால் கேலி செய்வார்கள். எனக்கு அது அழகாக இருந்தது.

நான் கிளம்புகிற அன்று மதியம் அந்த உப்பில்தான் சமையல். சஹனைச் சுற்றி நான், மரைக்காயர், லூர்து மூவரும் உட்கார்ந்தோம். பக்கத்தில் இரண்டு கூடை உப்பும் ஈரம் வடிந்து இருந்தன. கருவாட்டுக்கு ஒரு கூடை அஞ்சலைக்கு என்று முடிவாயிற்று. மற்றதை எங்கே வைப்பது என்று மரைக்காயர் கேட்டார்.

"அந்தப் பெட்டியில கொட்டுங்க" என்றது திரைக்குப் பின்னால் குரல்.

தொழில்காரன் நான், சும்மா இருக்க முடியுமா? "அதுல வேண்டாம்மா. உப்பு தகரத்தைத் தின்னுடும். ஒரு மழைக்காலம் தாண்டினா அடி ஓட்டையாயிடும், அப்புறம் அந்தப் பெட்டி எந்தப் பயணத்துக்கும் உதவாது. மண்சாடியில வைங்க."

"தெரியும்ங்க அண்ணே. அதுக்குத்தான் சொல்றேன்."

லூர்து சோற்றை வாயில் வைத்தபடி அப்படியே இருந்தார். மரைக்காயர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். பெட்டியைத் திறந்து சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலின் மேல் வைத்தார். பிறகு கூடையைத் தூக்கி, ஒரு கல் வெளியே சிந்தாமல், உள்ளே கொட்டினார்.